பிட்ஸ்பர்க்: பெருமாளைச் சேவித்த கையோடு ஓவியங்களையும் பார்த்து வர ஒரு முழு வழிகாட்டி

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். நியூஜெர்ஸியிலிருந்து ஆறு மணி நேரம், வாஷிங்டனிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, பென் ஹில்ஸ் மேட்டில் இருக்கும் வேங்கடாசலபதியைச் சேவித்து, கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறோம். நானும் மூன்று தடவை அப்படித்தான் போய் வந்தேன். நாலாவது தடவை நல்ல மழை. மழைக்குக்கூட மியூசியம் பக்கம் ஒதுங்காத ஆள் நான். அன்று நிஜமாகவே மழைக்குத்தான் கார்னகி அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். மூடுகிற நேரமாகிவிட்டது என்று காவலர் வந்து சொன்னபோதுதான் வெளியே வந்தேன். மழை நின்று எத்தனை நேரமாகியிருந்ததோ தெரியாது.

அதற்கப்புறம் இந்த ஊருக்கு ஓவியங்களுக்காகவே பல தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கு எதை எந்த வரிசையில் பார்க்கலாம், எங்கே நேரம் போகும், எதை விட்டுவிடலாம் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். மூன்று நாள், வெள்ளி முதல் ஞாயிறு வரை, என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

ஊரைப் பற்றி நாலு வரி. அலெகேனி, மோனோங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ நதியாகிற இடத்தில் இருக்கிறது பிட்ஸ்பர்க். ஆற்றங்கரை நெடுக உருக்கு ஆலைகள் இருந்தன. 1940-களில் புகை அடர்ந்து, நட்ட நடுப்பகலில் தெருவிளக்கு எரிந்த புகைப்படங்கள் இன்றும் உண்டு. 1950-இல் நகர மக்கள்தொகை ஆறே முக்கால் லட்சம். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூட, 2020 கணக்கெடுப்பில் அது மூன்று லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. இன்று ஊருக்குச் சோறு போடுவது பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும். டவுன்டவுனில் உருக்கு நிறுவனத்துக்காகக் கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இப்போது இருப்பது ஓர் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் பெயர்ப்பலகை. ஊர் மாறிய கதை மொத்தமும் அந்தப் பலகையில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கிற நல்ல ஓவியங்களில் பாதிக்கு மேல் இரும்புக் காசில் வந்தவை. மீதியில் பலவற்றை வரைந்தவர்கள் அந்த இரும்போடு மாரடித்தவர்களின் பிள்ளைகள். எந்தச் சுவர் முன் நின்றாலும் 'இதற்கு யார் பணம் கொடுத்தார், யார் உழைத்தார்' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும், ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் இந்த ஊர் பிடிபட்டுவிடும்.

முதலில் கிழமை பாருங்கள்

செவ்வாய்க்கிழமை எந்தக் காரியமும் தொடங்காதே என்பாள் என் பாட்டி. பிட்ஸ்பர்க் விஷயத்தில் பாட்டி சொன்னது முழுக்கச் சரி. கார்னகியும், இந்த ஊரில் பிறந்த ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அருங்காட்சியகமும் செவ்வாயன்று திறப்பதில்லை. மேட்ரஸ் ஃபேக்டரி என்ற கலைக்கூடத்துக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடுமுறை. இது தெரியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக்கொண்டு போய், மூன்று பூட்டிய கதவுகளைத் தரிசித்துவிட்டு வந்தவன் நான். புதன் முதல் ஞாயிறுக்குள் திட்டமிடுங்கள்.

அதிலும் வெள்ளிக்கிழமை வந்து சேர்வது உத்தமம். அன்று வார்ஹோல் அருங்காட்சியகம் இரவு 10 மணி வரை திறந்திருப்பது வழக்கம். சனி, ஞாயிறு இருந்தால்தான் பழைய இரும்பு உலைகளைப் பார்க்கும் சுற்றுலாவுக்கும் வழி பிறக்கும். அந்தச் சுற்றுலா வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். அதனால் மே முதல் அக்டோபருக்குள் வருவது நல்லது. நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் ஒவ்வொரு இடத்தின் இணையதளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டிக்கெட், வண்டி, படுக்கை

கார்னகி டிக்கெட் ஒன்று வாங்கினால் ஒரே கட்டடத்தில் இருக்கும் கலை அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டுக்கும் செல்லும். அதாவது மோனேயின் ஓவியமும் டைனோசரும் ஒரே காசுக்கு. வார்ஹோலும் இதே கார்னகி குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் அதற்குத் தனி டிக்கெட். நாலைந்து பேர் கொண்ட குடும்பமாக வருகிறீர்கள் என்றால் ஆண்டு உறுப்பினர் அட்டை என்ன விலை என்று பாருங்கள். குடும்பத்தின் நாலு அருங்காட்சியகங்களுக்கும் அது செல்லும். ஒரே பயணத்தில் கட்டுப்படியாகிவிடுவதும் உண்டு. நாங்கள் கவுன்டரில் நின்று மனக்கணக்குப் போட்டு, கடைசியில் அட்டையைத்தான் வாங்கினோம்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு 28எக்ஸ் பஸ் இருக்கிறது. விமான நிலையத்தில் ஏறினால் டவுன்டவுன் வழியாக, கார்னகி இருக்கும் ஓக்லாந்து வரை கொண்டுவந்துவிடும். டவுன்டவுனுக்கும் ஓக்லாந்துக்கும் நடுவே 61, 71 எண் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். 'டி' என்று செல்லமாகக் கூப்பிடும் ரயில், டவுன்டவுனுக்குள்ளும் ஆற்றுக்கு அடியில் புகுந்து வடகரை வரையிலும் இலவசம். சொந்த வண்டி இருந்தால் உலைகள் இருக்கும் ராங்கினுக்கும், சுவரோவியத் தேவாலயம் இருக்கும் மில்வேலுக்கும் வசதி. மற்ற இடங்களுக்கு வண்டி தேவையே இல்லை. சொல்லப்போனால் மேடும் பள்ளமும் ஒருவழிப் பாதையுமாக இருக்கும் இந்த ஊரில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. கூகுள் மேப்பில் கிட்டத்தில் தெரியும் தெரு நிஜத்தில் நூறடி உயரத்தில் இருக்கும்.

தங்குவதற்கு டவுன்டவுன் அல்லது ஓக்லாந்து. கோயில் பக்கம் மன்ரோவில்லில் அறை வாடகை குறைவுதான். ஆனால் அங்கிருந்து ஊருக்குள் வர ஸ்குவிரல் ஹில் டனலைக் கடக்க வேண்டும். டனல் வாயில் காரணமே இல்லாமல் எல்லாரும் பிரேக் பிடிப்பது இந்த ஊரின் தீராத வியாதி. மிச்சம் பிடித்த காசு அங்கே நேரமாகப் போய்விடும்.

வெள்ளி பிற்பகல்: மலை மேல் ஒரு மணி நேரம்

எந்த அருங்காட்சியகத்துக்கும் போகும் முன் மவுண்ட் வாஷிங்டன் மலைக்கு ஏறுங்கள். ஏற்றுவதற்கு இன்க்லைன் இருக்கிறது. நம் பழனி வின்ச் மாதிரி, கம்பியில் இழுபட்டுச் சரிவில் ஏறும் பெட்டி. மோனோங்கஹேலா இன்க்லைன் 1870-லிருந்து ஓடுகிறது, டியூகேன் இன்க்லைன் 1877-லிருந்து. கீழே ஆலையில் வேலை, மேலே மலையில் வீடு என்று இருந்த தொழிலாளிகள் தினமும் ஏறி இறங்கியது இவற்றில்தான். இன்றும் பஸ் கார்டைக் காட்டி ஏறுகிற உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

மேலிருந்து பார்த்தால் ஆறுகள் கூடும் முனையும், அலெகேனி மேல் ஒரே அச்சில் வார்த்த மூன்று மஞ்சள் பாலங்களும் தெரியும். 1920-களில் கட்டியவை, மூன்று சகோதரிகள் என்பார்கள். அவற்றில் நடுப்பாலத்துக்கு 2005-இல் ஆண்டி வார்ஹோல் பெயரை வைத்தார்கள். அதன் வழியாகத்தான் சாயங்காலம் நடக்கப்போகிறோம்.

வெள்ளி மாலை: ஆண்டி வார்ஹோல்

டவுன்டவுனிலிருந்து ஏழாம் தெருவில் நேராக நடந்து, அவர் பெயர் கொண்ட பாலத்தைக் கடந்தால் பத்து நிமிடத்தில் அருங்காட்சியகம். 1911-இல் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சாமான் விற்கக் கட்டிய ஏழு மாடிக் கிடங்கு இது. 1994-இல் அருங்காட்சியகமானது. ஒரே ஓவியருக்காக ஏழு மாடி.

நுழைந்ததும் லிஃப்டில் ஏறி ஏழாவது மாடிக்குப் போய்விடுங்கள். அங்கே அவருடைய இளமைக் காலம் தொடங்குகிறது. மாடி மாடியாக இறங்க இறங்க வயது ஏறும். கீழிருந்து ஆரம்பித்தவர்கள் பாதியில் குழம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாவது மாடியில் அவசரப்பட வேண்டாம். வார்ஹோல் 1928-இல் இந்த ஊரில் பிறந்தவர். பெற்றோர் இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் மிகோவா என்ற சிற்றூரிலிருந்து வந்தவர்கள். அப்பா கட்டட வேலைக்காரர். பையனுக்கு 13 வயதிருக்கும்போது இறந்துபோனார். அம்மா ஜூலியா காலி டின்களை வெட்டிப் பூ செய்து வீடு வீடாக விற்றவர். பின்னால் மகன் சூப் டின்னை வரைந்து உலகப் புகழ் அடைந்தபோது, கலை உலகம் அதில் என்னென்னவோ தத்துவம் தேடியது. எனக்கு அந்த அம்மாவின் டின் பூதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை தோறும் கார்னகி அருங்காட்சியகத்தில் நடந்த இலவச ஓவிய வகுப்பில்தான் பையன் வரையக் கற்றான். நாளைக்கு நாம் போகப்போவதும் அங்கேதான்.

ஓர் எச்சரிக்கை. 1962-இல் வரைந்த 32 சூப் டின் ஓவியங்களும் வரிசையாக இங்கே இருக்கும் என்று வராதீர்கள். அவை நியூயார்க்கில் இருக்கின்றன. ஆனால் எல்விஸ் பிரெஸ்லியைப் பதினோரு தடவை அச்சடித்த நீளமான வெள்ளி நிறத் திரை இங்கேதான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே படம்தான், ஆனால் ஒன்றில் மை திட்டுத் திட்டாக, இன்னொன்றில் மை தீர்ந்து தேய்ந்துபோய். கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிற கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது உடனே புரியும். கடைக்காரர் 'வேஸ்ட்' என்று ஓரமாகப் போடுகிற தாளை இந்த மனிதர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

வெள்ளி மேகங்கள் அறையைத் தேடிப் போங்கள். வெள்ளிப் பூச்சுப் பிளாஸ்டிக்கில் செய்து ஹீலியம் நிரப்பிய தலையணைகள் அறை முழுக்க மிதக்கும். 1966-இல் முதலில் காட்டியது. ஒன்று மெதுவாக வந்து கன்னத்தில் இடிக்கும், தள்ளிவிட்டால் இன்னொன்று முதுகில் வந்து ஒட்டும். காப்பாளரிடம் தொடலாமா என்று கேட்டுக்கொண்டு தொடுங்கள். எங்கள் வீட்டு வாண்டு அந்த அறையை விட்டு வர மறுத்து அழுதது.

அப்புறம் காலப் பெட்டிகள். 1974-லிருந்து மேஜையில் சேரும் கடிதம், ரசீது, அழைப்பிதழ், குப்பை எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி வைத்தார். அப்படி 610 சேர்ந்தன. பதப்படுத்திய எகிப்தியப் பிணத்தின் பாதம் ஒன்றும், பிறந்தநாள் கேக் துண்டு ஒன்றும்கூட உள்ளே இருந்தன. பரண் நிறையப் பழைய காலண்டர் சேர்க்கும் மாமாக்கள் நம்மில் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்கு ஆவணக் காப்பாளர் வைத்துக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழ்த்தளத்தில் நீங்களே ஸ்கிரீன் அச்சுப் போட்டுப் பார்க்கும் பட்டறை இருக்கிறது. எப்போது திறந்திருக்கும் என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் போதும்.

சனி காலை: கேரி உலைகள்

கலை பார்க்க வந்தவனைத் துருப்பிடித்த உலைக்கு ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். மதியம் கார்னகிக்குப் போகும்போது பதில் கிடைக்கும்.

ராங்கினில் இருக்கும் கேரி ஊதுலைகளில் இப்போது நிற்பவை ஆறும் ஏழும். 1907 வாக்கில் எழுந்தவை. 92 அடி உயரம். அவை நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பை உருக்கின. உருகிய குழம்பை அப்படியே ரயில் பெட்டியில் ஊற்றி, பாலம் வழியாக மோனோங்கஹேலாவைக் கடத்தி, எதிர்க்கரை ஹோம்ஸ்டெட் ஆலைக்குக் கொண்டுபோவார்கள். ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் மூடிவிட்டது. அந்த இடம் இப்போது ஷாப்பிங் சென்டர். வரிசையாகப் பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

'ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற அமைப்பு உலைகளைச் சுற்றிக் காட்டுகிறது. முன்பதிவு அவசியம். முன்பக்கம் மூடிய ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். செருப்போடு வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே நின்றுவிட்டதைப் பார்த்தேன். வெயில் நாளில் தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

உலைகளுக்கு நடுவே ஒரு மான் தலை நிற்கிறது. ஏறத்தாழ 45 அடி. ஆலை பாழாகிக் கிடந்த 1997, 98-இல் சில கலைஞர்கள் அனுமதி இல்லாமல் வேலி தாண்டி வந்து, அங்கே கிடந்த குழாயையும் கம்பியையும் ரப்பர் ஹோஸையும் வைத்தே வளைத்து வளைத்துக் கட்டியது. வெளியிலிருந்து ஒரு சாமானும் வாங்கவில்லை. அதன் கொம்புகள் வழியாக வானம் தெரிகிறபடி கீழே நின்று பாருங்கள். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த சிற்பம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். டிக்கெட் கவுன்டரும் குளிர்சாதனமும் இல்லாத இடத்தில் பிறந்தது அது.

சனி மதியம்: கார்னகி

கால் வலிக்க ஆரம்பிக்கும் முன் இங்கே வந்துவிட வேண்டும். குறைந்தது நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். டைனோசரும் பார்ப்பதென்றால் ஐந்து.

ஆண்ட்ரூ கார்னகி ஸ்காட்லாந்திலிருந்து ஏழைப் பையனாக வந்து உருக்குக்கு ராஜா ஆனவர். 1895-இல் இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அதற்கு மூன்றே ஆண்டு முன், 1892 ஜூலையில், சற்று முன் பார்த்தோமே, அந்த ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம். கார்னகி ஸ்காட்லாந்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்க, அவருடைய கூட்டாளி ஹென்றி கிளே ஃபிரிக் பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் முந்நூறு ஆட்களைப் படகில் இறக்கினார். ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டை நடந்து, இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் பத்துப் பேர் வரை செத்தார்கள். தொழிற்சங்கம் உடைந்தது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

நுழைவாயிலுக்கு வெளியே ரிச்சர்ட் செர்ராவின் உருக்குத் தகடுச் சிற்பம் நிமிர்ந்து நிற்கிறது. 1985-இல் வைத்தது, பெயரே 'கார்னகி'. பெரும்பாலோர் இதைக் கட்டடத்தின் ஏதோ ஓர் உறுப்பு என்று நினைத்துத் தாண்டிப்போகிறார்கள். உள்ளே புகுந்து நிமிர்ந்து பாருங்கள், வானம் சின்னக் கட்டமாகத் தெரியும். காலையில் உலைக்குள் நின்று பார்த்த அதே வானம்.

உள்ளே போனதும் ஓவிய அறைகளுக்கு ஓடாமல் பெரிய படிக்கட்டைக் கேளுங்கள். ஜான் வைட் அலெக்ஸாண்டர் 1905 முதல் 1908 வரை தீட்டிய சுவரோவியங்கள் மூன்று தளங்களுக்கும் பரவியிருக்கின்றன. 'உழைப்புக்கு முடிசூட்டல்' என்று பெயர். கீழ்த்தளத்தில் வெற்று மார்போடு தொழிலாளிகள், புகையிலும் ஆவியிலும் முண்டி நிற்கிறார்கள். முகங்கள் சரியாகத் தெரியாது. அந்தப் புகை படிப்படியாக மேலே சுருண்டு ஏறுகிறது. நாமும் ஏறுகிறோம். நடுத் தளத்தில் புகை வெளுத்து மேகமாகி, அதற்குள்ளிருந்து கறுப்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன் எழுகிறான். சிறகு முளைத்த பெண்கள் கிரீடம் கொண்டுவருகிறார்கள். உழைப்புக்கு முடி என்று பெயர்; முடி போகிறதோ கவசம் போட்டவன் தலைக்கு. அந்த முகத்தில் கார்னகியின் சாடை இருக்கிறது என்பார்கள். ஒரு தடவை ஏறிவிட்டு மறுபடி இறங்குங்கள். இறங்கும்போது கீழே இருக்கிறவர்கள் மேல் கண் அதிகம் போகும்.

அடுத்தது கட்டடக்கலை மண்டபம். ஐரோப்பாவின் பழைய வாயில்கள், தூண்கள், கல்லறைகள் ஆகியவற்றை அச்செடுத்து பிளாஸ்டரில் வார்த்த 140-க்கும் மேற்பட்ட நகல்கள் இருக்கின்றன. ஐரோப்பா போகக் காசில்லாத ஊர்மக்களுக்கு ஐரோப்பாவையே கொண்டுவந்து காட்டிவிடுவது கார்னகியின் எண்ணம். 1907-இல் திறந்தது. செயின்ட் கில் தேவாலயத்தின் முகப்பு அப்படியே முழுசாக ஒரு சுவரை அடைத்து நிற்கிறது. 'எல்லாம் டூப்ளிகேட்தானே' என்று முதல் தடவை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். தப்பு. அசலில் மழையும் புகையும் அரித்துவிட்ட விவரங்கள் இந்த மாதிரி நகல்களில் தப்பிப் பிழைத்திருப்பதுண்டு. பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் வரைகிற மாணவர்களும் இருப்பார்கள். அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதும் ஒரு சுகம்.

ஓவியங்களுக்கு வருவோம். 1896-லேயே கார்னகி ஒரு சர்வதேசக் கண்காட்சி தொடங்கினார். பழைய மேதைகளைப் பெரும் விலைக்கு வாங்குவதைவிட, நாளைக்கு மேதையாகப் போகிறவர்களை இன்றைக்கே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் போட்ட வியாபாரக் கணக்கு. வெனிஸுக்கு அடுத்தபடி உலகில் மிகப் பழைய சர்வதேசக் கண்காட்சி இதுதான். சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை இன்றும் நடக்கிறது. அந்த முதல் கண்காட்சியில் வாங்கியது வின்ஸ்லோ ஹோமரின் 'கப்பல் சேதம்'. அதைத் தேடிப் பாருங்கள். மோனேயின் அல்லிக்குளம் ஒன்றும், வான்கோ தன் கடைசி ஆண்டான 1890-இல் வரைந்த, மழை ஓய்ந்த கோதுமை வயலும் இங்கே உண்டு. அல்லிக்குளத்துக்கு எதிரே இருக்கை காலியாக இருந்தால் விடாதீர்கள்.

கடைசியாக டீனி ஹாரிஸ். 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் பத்திரிகைக்குப் படமெடுத்தவர். ஒரே கிளிக்கில் எடுத்துவிட்டுப் போய்விடுவாராம். அதனால் 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் தெருக்களின் கல்யாணம், நடனம், பேஸ்பால், ஊர்வலம் என்று ஏறக்குறைய 80,000 நெகட்டிவ்கள் இந்த அருங்காட்சியகத்தின் கையில் இருக்கின்றன. படிக்கட்டில் முகம் தெரியாமல் போனவர்களுக்கு இங்கே முகம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, நல்ல சட்டை இருக்கிறது.

காலில் இன்னும் தெம்பிருந்தால் எதிரே தெரியும் 42 மாடிப் பல்கலைக்கழகக் கோபுரத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஊருக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு நாட்டு மக்களும் தங்கள் நாட்டு பாணியில் ஒரு வகுப்பறை அமைத்திருக்கிறார்கள். இந்திய அறை நாளந்தாவின் முற்றத்தைப் போல் செங்கல் தூண்களோடு இருக்கிறது.

ஞாயிறு காலை: மேட்ரஸ் ஃபேக்டரி

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நிஜமாகவே மெத்தைக் கிடங்காக இருந்த கட்டடம். 1977-இல் பார்பரா லுடெரோவ்ஸ்கி என்ற சிற்பி இங்கே கலைக்கூடம் தொடங்கினார். சுவரில் மாட்டுகிற படம் இங்கே கிடையாது. அறையே படைப்பு, நீங்கள் அதற்குள் நுழைய வேண்டும்.

ஜப்பானியக் கலைஞர் யயோய் குஸாமாவின் இரண்டு கண்ணாடி அறைகள் 1996-லிருந்து இங்கே இருக்கின்றன. வேறு பெரிய நகரங்களில் குஸாமா அறைக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் துரத்திவிடுவார்கள். இங்கே காலையில் திறந்ததும் போனால் தனியாக நிற்கலாம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜேம்ஸ் டரலின் 'பிளையடீஸ்', 1983-இல் செய்தது. இருட்டான சரிவுப் பாதையில் கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏற வேண்டும். முடிவில் ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் எதிரே ஒன்றுமே இல்லை. முதல் ஐந்து நிமிடம் 'காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்' என்றுதான் தோன்றும். என்னோடு வந்த நண்பர் எழுந்தே போய்விட்டார். எட்டு, பத்து நிமிடம் ஆனதும் சாம்பலா ஊதாவா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் எதிரே மிதக்க ஆரம்பித்தது. உற்றுப் பார்த்தால் மறைகிறது. கண்ணைச் சற்று விலக்கினால் வருகிறது. அது அறையில் இருக்கிறதா என் கண்ணுக்குள் இருக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இதைப் பார்க்கக் கண் இருட்டுக்குப் பழகப் பதினைந்து நிமிடம் வரை ஆகும். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். கைக்கடிகாரம் மினுங்கினாலும் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சிறு குழந்தைகளுக்கும் இருட்டென்றால் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இது வேண்டாம்.

வெளியே வந்ததும் கலைக்கூடம் இருக்கும் சாம்ப்ஸோனியா சந்தில் நடங்கள். ஒரு வீட்டின் முகப்பு முழுக்கச் சீனக் கவிதை எழுதியிருக்கும். தாய்நாட்டில் சிறைப்பட்டு இங்கே அடைக்கலம் வந்த கவிஞர் ஹுவாங் ஷியாங் 2004-இல் தன் கையால் எழுதியது. இரண்டு தெரு தள்ளி ராண்டிலேண்ட், கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் ஒரு வீடும் முற்றமும். இலவசம். போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்களை அங்கே விட்டுவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்காரலாம்.

உலை மூடியிருக்கும் காலத்தில்: மில்வேல் தேவாலயம்

குளிர்காலத்தில் வருகிறவர்களும், இரண்டாவது தடவை வருகிறவர்களும் சனிக்கிழமை காலையை இதற்குக் கொடுங்கள். மில்வேலில் குரோவேஷியத் தொழிலாளிகளின் புனித நிக்கோலஸ் தேவாலயம் இருக்கிறது. மாக்ஸோ வாங்கா என்ற ஓவியர் 1937-லும் 1941-லும் அதன் சுவர் முழுக்க வரைந்தார். வேலைக்குப் போய்ச் செத்த பிள்ளையைச் சுற்றி வெள்ளை முக்காட்டோடு அழும் தாய்மார்கள். சாப்பாட்டு மேஜையில் பங்குச்சந்தைத் தாள் படிக்கும் பணக்காரர். இன்னொரு சுவரில் நச்சுவாயு முகமூடி போட்ட உருவம் ஒன்று தராசு பிடித்திருக்கிறது. ரொட்டித் தட்டைவிடத் தங்கத் தட்டுதான் தாழ்ந்து நிற்கிறது. பூசை நடக்கிற கோயிலின் சுவரில் இப்படி வரைய விட்ட பாதிரியாரையும் சேர்த்துத்தான் பாராட்ட வேண்டும். கார்னகி படிக்கட்டுக்கு எதிர்ப்பாட்டு இது. வழிபாட்டு இடம் என்பதால் சுற்றிப்பார்க்கும் நேரம் குறைவு; முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

ஃபிரிக்கின் வீடும் அவர் மகள் நிறுவிய சிறு கலைக்கூடமும் பாயின்ட் பிரீஸில் இருக்கின்றன. தோட்டம் அழகு. ஆனால் அவர் சேர்த்த முக்கியமான ஓவியங்கள் நியூயார்க்கில் இருப்பதால், மூன்று நாள் பயணத்தில் நான் இதை விட்டுவிடச் சொல்வேன்.

சில்லறை விஷயங்கள்

பெரிய முதுகுப்பையை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். சின்னத் தோள்பை போதும். கோடையில்கூட ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஃபிளாஷ் போடாமல் இருந்தால் பெரும்பாலும் போட்டோவுக்குத் தடையில்லை. தற்காலிகக் கண்காட்சிகளில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் கார்னகியில் முதலில் டைனோசர், அப்புறம் ஓவியம். மாற்றிச் செய்தால் ஓவிய அறையில் 'எப்பப்பா டைனோசர்' என்ற கேள்வி நிமிடத்துக்கு ஒரு தடவை வரும்.

சைவக்காரர்களுக்குப் பியரோகி இருக்கிறது. கிழக்கு ஐரோப்பியர் கொண்டுவந்தது. உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி. வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்கித் தருவார்கள். மேலே பேக்கன் தூவ வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓக்லாந்தில் கிரெய்க் தெருவில் காபியும் சாப்பாடும் கிடைக்கும். அருங்காட்சியகத்திலிருந்து நடக்கிற தூரம்.

ஞாயிறு மதியம் மெத்தைக் கிடங்கிலிருந்து கிளம்பினால் டனல் மனது வைத்தால் அரை மணி நேரத்தில் கோயில். கேரிக்குப் போட்டுக்கொண்டு போன ஷூவை அப்படியே போட்டு வந்தீர்கள் என்றால், செருப்பு வைக்கும் இடத்தில் உங்களுடையது மட்டும் செம்புழுதியோடு தனியாகத் தெரியும். ஊர் திரும்ப எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, புளியோதரையைப் பொட்டலமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.